யார் இந்த மண்ணின் மக்கள்? – 9: எல்லாருக்கும் ஒரே பெயர்

சென்ற வாரம் 1946 ஏப்ரல் 1-ஆம் தேதியில் நிறுத்தினோம். கோலாலம்பூரில், பிரிட்டன் கொண்டுவந்த புதிய ஆட்சியமைப்பான மலாயன் யூனியனின் முதல் ஆளுநராக எட்வர்ட் ஜென்ட் பதவியேற்றார். மலாய் சுல்தான்களில் ஒருவர்கூட அந்த விழாவுக்குப் போகவில்லை. மலாய் ஆண்கள் தங்கள் சொங்கோக் தொப்பியில் வெள்ளைத் துணி சுற்றி ஏழு நாள் துக்கம் காத்தார்கள்.

துக்கத்துக்குக் காரணம் இரண்டு. பிரிட்டிஷ் அரசின் தூதரான சர் ஹெரால்ட் மெக்மைக்கேல் அரண்மனை அரண்மனையாகப் போய் வாங்கிய கையெழுத்துகள், சுல்தான்களின் இறையாண்மையைப் பிரிட்டிஷ் மகுடத்துக்கு மாற்றிவிட்டன. அதே மலாயன் யூனியன் திட்டம் மலாயாவில் பிறந்தவர்களுக்கும், 1942 பிப்ரவரிக்கு முந்தைய 15 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களுக்கும் இன வேறுபாடில்லாமல் குடியுரிமை தருவதாகச் சொன்னது.

சமத்துவமும் அவமதிப்பும் ஒரே காகிதத்தில் வந்து சேர்ந்தன. மலாய் மக்களால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரித்துப் பார்க்கும்படி அவர்களிடம் யாரும் பேசவும் இல்லை.

மே மாதம் 11-ஆம் தேதி ஜொகூர் பாருவில் மலாயன் யூனியனை எதிர்க்க மலாய்க்காரர்களின் கட்சியாக அம்னோ பிறந்தது. ஓன் ஜாபார் தலைவரானார். பிரிட்டிஷ் அரசு பின்வாங்கத் தொடங்கியது. கதை இங்கிருந்துதான் திரும்புகிறது.

*

பன்னிரண்டு பேரின் மேசை

1946 ஜூலையில் ஒரு செயற்குழு அமைக்கப்பட்டது. மலாயன் யூனியனுக்குப் பதிலாக எது வரவேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை.

பன்னிரண்டு உறுப்பினர்களில் ஆறு பேர் அரசாங்க அதிகாரிகள். நான்கு பேர் சுல்தான்களின் பிரதிநிதிகள். இருவர் அம்னோ. சீனர் ஒருவரும் இல்லை. இந்தியர் ஒருவரும் இல்லை. அம்னோவோடு ஒத்துப்போகாத மலாய்க்காரருக்கும் அங்கே இடமில்லை.

1947-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். சிங்கப்பூரைச் சேர்க்காத மலாயாவில் ஏறத்தாழ 49 லட்சம் பேர். மலாய்க்காரர்கள் பாதியை ஒட்டி இருந்தார்கள். சீனர்கள் 38 விழுக்காடு, இந்தியர்கள் ஏறத்தாழ 11 விழுக்காடு. அந்த இந்தியர்களில் மிகப் பெரும்பான்மையினர் தமிழர்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்.

சிங்கப்பூரையும் சேர்த்தால் கணக்கு தலைகீழாகும். சீனர்களின் எண்ணிக்கை மலாய்க்காரர்களைத் தாண்டிவிடும். சிங்கப்பூர் ஏன் தனிக் காலனியாகப் பிரிக்கப்பட்டது என்பதற்குக் கடற்படைத் தளம் ஒரு காரணம் என்றால், இந்த எண்ணிக்கை இன்னொரு காரணம்.

நாட்டில் பாதிப்பேரின் வாழ்வை, அவர்களில் ஒருவர்கூட இல்லாத அறையில் பேசி முடித்தார்கள். மலாயன் யூனியனுக்குப் பதில் ஒரு கூட்டரசு என்ற அவர்களின் அறிக்கை டிசம்பரில் வெளிவந்தது. அதன் பிறகுதான் மற்றவர்களிடம் கருத்துக் கேட்டார்கள்.

மலாய் மக்களின் அச்சத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. ஜப்பானியர் சரணடைந்த 1945-இலும் அடுத்த ஆண்டிலும் ஜொகூரிலும் பேராக்கிலும் மலாய்–சீனர் மோதல்களில் கம்பங்கள் (கிராமங்கள்) எரிந்தன. தங்கள் சொந்த நாட்டில் தாங்கள் சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற பயம் நிஜமானது. வணிகமும் ஈயச் சுரங்கமும் ரப்பரும் தங்கள் கையில் இல்லை என்பதும் நிஜம். மண்ணின் பெயர் ஒன்றுதான் தங்களுக்கு மிச்சம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

*

வெளியே நின்றவர்கள்

அறைக்கு வெளியே விடப்பட்டவர்கள் 1946 டிசம்பரில் ஒன்று சேர்ந்தார்கள். இந்தக் கூட்டணியே பின்னர் அகில மலாயா கூட்டு நடவடிக்கை மன்றம் ஆனது.

சிங்கப்பூரின் முதல் அரசியல் கட்சியான மலாயன் ஜனநாயக யூனியன் அதில் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் பிறந்த மலாயன் இந்தியன் காங்கிரஸ் இருந்தது. நாம் இன்று ம.இ.கா. என்று அறிந்த அதே கட்சி. தொழிற்சங்கச் சம்மேளனங்கள், மாதர் அமைப்புகள், இளைஞர் அமைப்புகள், ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்ட முன்னாள் வீரர்களின் சங்கம் எல்லாம் இருந்தன.

தலைமை தான் செங் லோக்கிடம் வந்தது. 1883-இல் மலாக்காவில் பிறந்த பாபா சீனர். பல தலைமுறைகளாக மலாக்காவில் வேரூன்றிய குடும்பம். ஜப்பானிய ஆட்சிக் காலத்தை இந்தியாவில், பெங்களூரில் கழித்தவர். ரப்பர் தோட்டங்களோடும் கம்பெனிகளோடும் வாழ்ந்த இந்த முதியவர் தொழிற்சங்கக்காரர்களோடும் இடதுசாரி இளைஞர்களோடும் ஒரே மேடையில் அமர்ந்தார்.

ம.இ.கா.வின் முதல் தலைவர் ஜான் திவி, நேதாஜியின் இயக்கத்திலிருந்து வந்தவர். அவரைச் சுற்றியிருந்த பலரும் அப்படியே. 1943-இல் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போன பால்மரத் தொழிலாளியின் மகன் துப்பாக்கி பிடித்தது இந்தியாவின் விடுதலைக்காக. அவன் திரும்பி வந்தது மலாயாவின் லயத்துக்கு.

இந்தியா விடுதலை பெறப் போகிறது. அப்படியானால் இவன் எந்த நாட்டுக்காரன்?

ஒவ்வொரு தோட்டத்திலும் அந்தக் கேள்வி இருந்தது. சிலர் ஊருக்குக் கப்பலேற நினைத்தார்கள். சிலருக்கு ஊர் என்பது அப்பா சொன்ன கதையில் மட்டுமே இருந்தது. அவர்களுடைய தொப்புள்கொடி புதைந்தது கிள்ளானிலும் சுங்கை சிப்புட்டிலும். அவர்களுக்குப் பிரஜா உரிமை என்பது வாழ்வா சாவா என்ற கேள்வி.

*

கதவைத் தட்டிய மலாய் இடதுசாரிகள்

1947 பிப்ரவரியில் இன்னொரு கூட்டணி உருவானது. பெயர் பூத்ரா. மக்கள் சக்தி மையம் என்று பொருள். இதில் இருந்தவர்கள் அனைவரும் மலாய்க்காரர்கள். ஆனால் அம்னோவின் பாதை இவர்களுக்கு உவப்பாக இல்லை.

நடுவில் நின்றது மலாய் தேசியக் கட்சி. இந்தியாவில் ஹோமியோபதி மருத்துவம் படித்துத் திரும்பிய டாக்டர் புர்ஹானுத்தீன் அல்-ஹெல்மி அதன் சிந்தனையாளர். நாவலாசிரியராகப் பெயர் பெற்ற இஷாக் ஹாஜி முகமது அதன் குரல். இளைஞர் அணியான ஆப்பிக்கு அகமது பூஸ்தாமாம். பெண்கள் அணியான ஆவாசுக்கு ஷம்சியா ஃபாக்கே. அப்போது அவருக்கு இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

இவர்கள் கண் இந்தோனேசியாவின் மேல் இருந்தது. அங்கே டச்சுக்காரர்களை எதிர்த்துக் குடியரசு போராடிக்கொண்டிருந்தது. சுல்தான்களின் உரிமையைப் பிரிட்டனிடமிருந்து மீட்பது போதாது, பிரிட்டனையே அனுப்பிவைக்க வேண்டும் என்று இவர்கள் கருதினார்கள். அதற்குச் சீனரும் இந்தியரும் வேண்டும்.

புர்ஹானுத்தீனின் எண்ணம் அன்றைய நிலையில் துணிச்சலானது. மலாய் இனத்தில் பிறப்பது ஒன்று. மலாய் தேசியத்தில் சேர்வது வேறு. பழைய நாட்டின் பற்றைத் துறந்து இந்த மண்ணுக்கு விசுவாசமாக இருக்கச் சம்மதிப்பவர் எந்த இனத்தவராக இருந்தாலும் அந்தத் தேசியத்துக்குள் வரலாம் என்றார் அவர்.

பூத்ராவும் கூட்டு மன்றமும் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தன. அதற்கு முன்னால் மலாயா இப்படி ஒரு சந்திப்பைப் பார்த்ததில்லை. ஆங்கிலேயர் யாரும் தலைமை தாங்காத மேசை அது.

*

பெயரில் வந்து நின்ற பேச்சு

கூட்டு மன்றம் ஆறு கொள்கைகளோடு வந்திருந்தது. சிங்கப்பூரையும் சேர்த்த ஒன்றுபட்ட மலாயா. முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம். இந்த மண்ணை நிரந்தர வீடாகவும் தங்கள் முழு விசுவாசத்துக்கு உரியதாகவும் கொள்ளும் அனைவருக்கும் சமக் குடியுரிமை. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சியின் கீழ் சுல்தான்களுக்கு உண்மையான அரசியலமைப்பு மதிப்பு. இஸ்லாமும் மலாய் வழக்கங்களும் மலாய்க்காரர்களின் கையிலேயே இருக்க வேண்டும். மலாய்க்காரர்களின் முன்னேற்றத்துக்குத் தனிக் கவனம்.

பூத்ரா நான்கைச் சேர்க்கச் சொன்னது. மலாய் ஆட்சிமொழியாக வேண்டும். வெளியுறவும் பாதுகாப்பும் மலாயாவும் பிரிட்டனும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டியவை. தேசியக் கொடியில் மலாய் தேசிய வண்ணங்கள் இருக்க வேண்டும்.

நான்காவதுதான் நெருப்பு. இந்த நாட்டின் குடிமக்கள் அனைவருக்கும் பெயர் ‘மெலாயு’ என்று இருக்க வேண்டும்.

மேசையின் ஒரு பக்கத்திலிருந்து பாருங்கள். சீனரும் தமிழரும் தங்களை மலாய்க்காரர் என்று எழுதிக்கொள்வதா? ‘மலாயன்’ என்ற பொதுப் பெயர் இருக்கிறதே, அது போதாதா? வீட்டில் பேசும் மொழியும் கும்பிடும் சாமியும் இதில் கரைந்துபோகாதா?

அக்காலத்தில் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால் ‘மெலாயுவில் நுழைந்தார்’ என்றுதான் பேச்சுவழக்கில் சொன்னார்கள். பெயருக்குள் மதம் இருந்தது. அதனால் அந்தத் தயக்கத்தைக் குறுகிய மனம் என்று தள்ள முடியாது.

மறுபக்கத்திலிருந்து பாருங்கள். ‘மலாயன்’ என்ற பெயர் மலாய்க்காரர்களின் காதில் மலாயன் யூனியனின் பெயராக ஒலித்தது. தங்களைக் கேட்காமல் தங்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் அது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த ஒரே சொத்தைப் பிறருக்குப் பங்கிட்டுத் தருகிறோம். அதையும் மறுத்தால் நீங்கள் இந்த மண்ணில் வாழ மட்டுமே விரும்புகிறீர்கள், இந்த மண்ணாக விரும்பவில்லை என்றுதானே பொருள்? பூத்ராவின் வாதத்தின் சாரம் இதுதான்.

ஒரு தரப்பு எதை இழப்போம் என்று அஞ்சியதோ அதையே மறுதரப்பு கொடையாக நீட்டிக்கொண்டிருந்தது.

பேச்சு முறிந்திருக்கலாம். முறியவில்லை.

கூட்டு மன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு காப்போடு. ‘மெலாயு’ என்ற தேசியப் பெயருக்கு மதம் சார்ந்த பொருள் எதுவும் கிடையாது என்று தாங்கள் வரைந்த அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். அந்த வரியால் கோயிலுக்குப் போகும் மெலாயுவும், பௌத்த மடத்துக்குப் போகும் மெலாயுவும் சட்டத்தில் இருக்க முடியும் என்றானது.

மலாய் இடதுசாரிகள் தங்கள் பெயர் தங்களுக்கு மட்டுமே உரியது என்ற உரிமையை விட்டார்கள். சீனரும் இந்தியரும் இன்னொரு நாட்டுக்கும் பாதி சொந்தம் என்ற வசதியை விட்டார்கள். இரு தரப்புக்கும் வலித்தது. இரு தரப்பும் கொடுத்தன. குடியுரிமை என்பது மேலிருந்து ஒருவர் தரும் பட்டயமாக இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தமாக அங்கே பிறந்தது. மெக்மைக்கேலின் கையெழுத்துகளால் முடியாதது இங்கே முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

*

ஏட்டில் எழுந்த நாடு

1947-இன் நடுவில் இரு கூட்டணிகளும் மாநாடு கூட்டி மக்கள் அரசியலமைப்பு முன்மொழிவுகளை ஏற்றன. இந்தியா விடுதலை பெற்ற அதே காலம்.

அந்த ஆவணம் வெறும் முழக்கமாக எழுதப்படவில்லை. மலாயாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்தக் குடியுரிமை வேண்டாம் என்பவர் துறக்கலாம். வெளியே பிறந்தவர்கள் சில ஆண்டு வசிப்புக்குப் பின் விண்ணப்பித்து, விசுவாசப் பிரமாணம் செய்து பெறலாம்.

மலாய் மக்களின் அச்சத்துக்கும் அதில் பதில் இருந்தது. முதல் மூன்று நாடாளுமன்றங்களில், அதாவது ஒன்பது ஆண்டுகளுக்கு, உறுப்பினர்களில் 55 விழுக்காட்டினர் மலாய்க்காரர்களாக இருக்க வேண்டும். அதற்குள் மலாய்க்காரர்களின் கல்வியும் பொருளாதாரமும் நிமிர வேண்டும் என்பது எண்ணம்.

எல்லாச் சிறுபான்மையினருக்கும் காவலாக ஓர் இனங்களின் மன்றம். மலாய், சீனர், இந்தியர், யூரேசியர், இலங்கையர், காட்டுப் பழங்குடியினர் என ஒவ்வொரு சமூகத்துக்கும் அதில் இடம். ஒரு மசோதா எந்த இனத்துக்காவது மதத்துக்காவது பாகுபாடு செய்கிறதா என்று பார்த்து, செய்தால் திருப்பி அனுப்பும் பொறுப்பு அதனுடையது.

சுதந்திர மலாயா பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், அங்கே வாழ்ந்தவர்களே எழுதிய அரசியலமைப்பு அது. பிரிட்டிஷ் அரசு அதைத் தன் மேசைக்கு எடுத்துக்கொள்ளவே மறுத்தது.

*

அக்டோபர் 20

மனுக்கள் பயன்படவில்லை. கூட்டங்கள் பயன்படவில்லை. அந்த ஜூலையில் ஆப்பி இயக்கம் தடை செய்யப்பட்டது. மக்கள் அரசியலமைப்புக்கு ஆதரவு இல்லை என்ற பேச்சு அரசாங்க வட்டாரத்தில் தொடர்ந்தது.

பதிலாக ஒரு ஹர்த்தாலைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்திய விடுதலைப் போராட்டம் பழக்கிய ஆயுதம். சொல்லும் முறையும் கடல் தாண்டி வந்தவை.

1947 அக்டோபர் 20, திங்கட்கிழமை. சிங்கப்பூர் முதல் வடக்கு வரை கடைகள் திறக்கவில்லை. சந்தைகள் வெறிச்சோடின. துறைமுகங்களில் வேலை நின்றது. பல ரப்பர் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் தொழிலாளர்கள் இறங்கவில்லை. நாட்டின் பொருளாதாரம் ஒரு நாள் முழுவதும் மூச்சடக்கிக் கிடந்தது.

சீன வணிகச் சங்கங்களும் சேர்ந்ததால்தான் இத்தனை பெரிதாக நடந்தது. அதில்தான் பலவீனமும் இருந்தது. அந்த வணிகர்கள் கூட்டரசுத் திட்டத்தை எதிர்த்தார்கள். ஆனால் ‘மெலாயு’ என்ற பெயர் உள்பட மக்கள் அரசியலமைப்பின் எல்லாவற்றையும் நெஞ்சார ஏற்றவர்கள் அல்லர்.

அம்னோ ஹர்த்தாலுக்கு வெளியே நின்றது. கம்பங்களில் வாழ்ந்த மலாய் விவசாயிகளில் மிகப் பலர் ஓன் ஜாபாரின் சொல்லைத்தான் நம்பினார்கள். கடை அடைப்பை அவர்கள் சீனரின் பலப் பரீட்சையாகக் கண்டார்கள். மேசையில் ஒப்பந்தம் செய்த தலைவர்கள் அதைக் கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் கொண்டுபோய்ப் பேசுவதற்குக் கிடைத்தது சில மாதங்கள் மட்டுமே.

பிரிட்டன் அசையவில்லை. மலாயாவின் ரப்பரும் ஈயமும் அதற்கு டாலர் ஈட்டித் தந்தன. போரில் நொடித்த நாட்டுக்கு அந்த டாலர் உயிர்மூச்சு. முழுத் தேர்தலும் வலுவான தொழிற்சங்கமும் சேர்ந்த மலாயா அதற்கு ஏற்றதாக இல்லை. கூட்டணியில் கம்யூனிஸ்டுகளின் கை இருந்ததும் உண்மை. அதைக் காட்டி முழுக் கூட்டணியையும் ஒதுக்கிவிட முடிந்தது.

*

சாத்தப்பட்ட கதவு

1948 ஜனவரி 21-இல் சுல்தான்களும் பிரிட்டனும் கூட்டரசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிப்ரவரி 1-இல் மலாயாக் கூட்டரசு பிறந்தது. மீண்டும் ஒரு ஹர்த்தால் நடத்தும் யோசனை கைகூடவில்லை, வணிகர்கள் பின்வாங்கிவிட்டார்கள்.

சுல்தான்களின் குடிகளான மலாய்க்காரர்கள் இயல்பாகவே குடிமக்கள் ஆனார்கள். மற்றவர்களுக்கு வழி நீளமானது. மலாய் மாநிலத்தில் பிறந்தாலும், தாயும் தந்தையும் அங்கே பிறந்து 15 ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்திருந்தால்தான் பெரும்பாலோருக்குத் தானாகக் குடியுரிமை. இல்லையென்றால் விண்ணப்பம், நீண்ட வசிப்புக்கான சான்று, மலாய் அல்லது ஆங்கில அறிவு.

தோட்டத்துக்குத் தோட்டம் மாறிய பால்மரத் தொழிலாளியிடம் பதினைந்து ஆண்டு வசிப்புக்கு என்ன காகிதம் இருக்கும்? பிறப்புப் பத்திரமே இல்லாத குழந்தைகள் எத்தனை? சட்டத்தில் திறந்திருந்த வழி வாழ்க்கையில் அடைபட்டது.

ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலாயன் ஜனநாயக யூனியன் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. பூஸ்தாமாம் சிறைப்பட்டு 1955 வரை வெளியே வரவில்லை. இஷாக்கும் சிறைக்குப் போனார். ஷம்சியா ஃபாக்கே காட்டுக்குப் போய்க் கம்யூனிஸ்ட் போராளியானார்.

கூட்டு மன்றத்தில் இருந்த அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி, தஞ்சை மாவட்டத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் அவசரகாலச் சட்டப்படி மரண தண்டனை பெற்றார். இந்திய அரசு தலையிட்டுக் கேட்டுப் பார்த்தது. 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஒரே மேசையில் அமர்ந்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் சிறையிலும் காட்டிலும் கல்லறையிலும் சிதறினார்கள். தான் செங் லோக் மட்டும் 1949 பிப்ரவரியில் மலாயன் சீனர் சங்கத்தின் தலைவரானார். எல்லா இனங்களின் கூட்டணிக்குத் தலைமை தாங்கியவர் இப்போது ஓர் இனத்தின் கட்சிக்குத் தலைவர். அந்த மாற்றத்திலேயே மலாயா அடுத்து எடுக்கப்போகும் பாதை தெரிகிறது.

தோற்ற ஆவணம் என்று மக்கள் அரசியலமைப்பை வரலாற்று நூல்கள் சில பக்கங்களில் கடந்துவிடுகின்றன. அதை அப்படிக் கடக்க எனக்கு மனமில்லை. பல இனங்கள் வாழும் நாட்டில் பொதுவான ஓர் அடையாளம் இயற்கையாக வளராது. ஒவ்வொரு தரப்பும் தனக்கு அருமையான ஒன்றை மேசையில் வைத்தால்தான் உருவாகும். அது முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு 1947-இன் மலாயா பதில் சொல்கிறது. முடிந்தது. நடைமுறைக்கு வரத்தான் விடவில்லை.

*

இனி வெற்றி பெற்றவரிடம் வருவோம். கூட்டரசு ஒப்பந்தம் ஓன் ஜாபாரின் வெற்றி. மலாயன் யூனியனை வீழ்த்தியவர், ஹர்த்தாலால் அசைக்கப்படாதவர், மலாய் மக்களின் நாயகர். அம்னோ அவர் கையில் இருந்தது.

1951-இல் அதே ஓன் ஜாபார் தன் கட்சியின் முன் நின்று, அம்னோவின் கதவை எல்லா இனத்தவருக்கும் திறக்க வேண்டும் என்று கேட்டார். கட்சியின் பெயரில் உள்ள ‘மலாய்’ என்பதை ‘மலாயன்’ என்று மாற்றவும் சொன்னார். எந்தப் பெயரை எதிர்த்து எழுந்தாரோ அந்தப் பெயரை.

கட்சி மறுத்தது. தான் பெற்றெடுத்த கட்சியை விட்டு அவர் வெளியேறினார்.

நாலைந்து ஆண்டுகளில் அந்த மனிதருக்குள் நடந்தது என்ன? தான் சாத்திய கதவைத் தானே திறக்க முயன்றவருக்குப் பின்னால், அவருடைய மக்கள் ஏன் வரவில்லை?

(அடுத்த வாரம் தொடரும்)